மாதச் சம்பள வேலையில் இருந்துகொண்டு, பக்கத்தில் தேன் விற்ற காசையும் வரிக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டத்தான் வேண்டும். வேலை செய்யும் அலுவலகத்துக்கு அல்ல, இலங்கையின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு. சம்பளத்தில் மாதாமாதம் ஏ.பி.ஐ.டி. (முற்பண வருமான வரி) கழிகிறதே, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். அது சம்பளத்துக்கு மட்டும்தான்.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுப்போம். சம்பளம் மாதம் 160,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,920,000. 2025/26 வரி ஆண்டு முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமானம், 1,800,000. சம்பளமே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே நெடுங்கேணித் தேனில் வரும் இலாபம் 150,000க்கும் 6% வரி, அதாவது 9,000 ரூபாய்.

விற்ற காசுக்கு அல்ல, இலாபத்துக்குத்தான் வரி. தேன் எடுத்தவருக்குக் கொடுத்தது, போத்தல், வவுனியாவுக்கு பஸ்ஸில் அனுப்பிய கூலி எல்லாம் கழியும். காட்டுத் தேன் தருபவர் பில்லா தரப்போகிறார்? ஒரு கொப்பியில் திகதி, எத்தனை போத்தல், கொடுத்த காசு எல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மார்ச் 31இல் வரி ஆண்டு முடியும். அந்த ஆண்டின் வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 வரை நேரம் உண்டு. மிச்ச வரிப்பணம் அதற்கு முன்பே, செப்டெம்பர் 30க்குள்.

அரச உத்தியோகம் என்றால் அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையையும் பாருங்கள். வரி கட்டிவிட்டால் வியாபாரத்துக்கு அனுமதி கிடைத்ததாக ஆகாது.