திரும்ப முடியாமல் போகும் நாளுக்கான பை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளுக்கு இது நிறைமாதம். அடுத்த வாரம் நானும் என் அம்மாவும் அவளிடம் போகிறோம். அம்மாவுக்கு 71 வயது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஓர் இரவு ரயில், பிறகு நான்கு மணி நேர விமானம். கோவிட் தொற்று மறுபடி பரவுகிற நேரம். என்ன எடுத்துப்போவது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புகிறார்கள். ஒன்றில் 42 பொருட்கள்! கையுறை, முகத்தை மூடும் பிளாஸ்டிக் தடுப்பு, கிருமிநாசினி ஸ்பிரே என்று நீள்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? போவதே தவறோ என்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

க.

அன்புள்ள க.,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். தவறே இல்லை, போய் வாருங்கள். பிரசவ நேரத்தில் மகள் உங்களைத் தேடுவாள். ஆனால் கிளம்பும் நாளில் உங்கள் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு வந்த பட்டியல்கள் எல்லாம் வழியில் இருக்கும் அந்த ஒன்றரை நாளை மட்டும் நினைத்து எழுதப்பட்டவை. நான் பயப்படுவது அதற்குப் பிறகு வரும் நாட்களை நினைத்து. போன இடத்தில் காய்ச்சல் வந்து, ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க நேர்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கும்? அதை நினைத்துப் பை கட்டுங்கள். 2020இல் பல நாடுகளில் போய் இறங்கியவர்களை 14 நாள் தனியே வைத்தார்கள். இது புதிதும் இல்லை. 1377இல் ரகூசா என்ற துறைமுக நகரம், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. அதுவே பின்னால் 40 நாளாகி, 'குவாரண்டைன்' என்ற சொல்லே அந்த நாற்பதிலிருந்துதான் வந்தது.

2021இல் எனக்கு அது நடந்தது. நான்கு நாள் வேலைக்கென்று போன இடத்தில் மூன்றாம் நாள் காய்ச்சல். அப்புறம் பதினோரு நாள் ஒரே அறை. நான் தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரையை நான்கு நாளுக்குக் கணக்குப் பண்ணி, அட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்துப் போயிருந்தேன். தீர்ந்ததும் மருந்துக்கடைக்குப் போன் செய்து, வெட்டிய துண்டைப் பார்த்து பெயரைப் படிக்கிறேன். வெள்ளித்தாளில் மிஞ்சியிருந்தது பெயரின் கடைசி மூன்று எழுத்து. எத்தனை மில்லிகிராம் என்பது வெட்டுப்பட்ட மறுபாதியோடு வீட்டில் இருந்தது. கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார், என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தேன்.

அதனால் சொல்கிறேன், அம்மாவின் மாத்திரைகளை முழு அட்டையாக எடுங்கள். தங்கப்போகும் நாட்களுக்கு மேல் இன்னும் 14 நாளுக்கு இருக்கட்டும். மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போது கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், பொதுப்பெயரைச் சொன்னால் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் புரியும். பாதி உங்கள் கைப்பையில், பாதி அம்மாவின் கைப்பையில். விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் பெட்டியில் ஒரு மாத்திரைகூட வேண்டாம். பெட்டி வழிதவறினால் மருந்தும் கூடவே போய்விடும். அம்மா இன்சுலின் போடுபவர் என்றால் இது இன்னும் முக்கியம். பெட்டிகள் இருக்கும் அடித்தளத்தில் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

இதோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாரசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து. ஜலதோஷத்துக்கென்று விற்கும் பல மாத்திரைகளில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும், அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிளம்பும் முன்பே, அம்மா நன்றாக இருக்கும்போது, இரண்டு மூன்று நாள் பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது, உட்கார்ந்தபடி எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரை அழையுங்கள், 90க்குக் கீழே என்றால் நேராக மருத்துவமனைதான். கருத்த சருமத்தில் அது சில நேரம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். எண் நன்றாக இருந்தும் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் நீங்கள் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

சரி, வழிப்பயணத்துக்கு வருவோம். அதற்கு முகக்கவசம்தான் முதல் பொருள். என்95 அல்லது அதற்கு நிகரானது, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு. நனைந்தாலோ வார் தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள். வால்வு வைத்தது வேண்டாம், அணிந்தவர் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டப்படாமல் வெளியே போகும். வாங்கியதும் அம்மாவை வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு போக வேண்டும். பிறகு ஊதிப் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று பொருள். காது வலிக்கிறது என்றால் தலைக்குப் பின்னால் கட்டும் வகையை வாங்குங்கள். வலித்தால் வழியில் கழற்றிவிடுவார், அப்புறம் எத்தனை எடுத்துப்போயும் பயனில்லை. விமானத்தின் ஹெப்பா வடிகட்டிகள் காற்றிலுள்ள நுண்துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன. அதனால் பறக்கும்போது இருப்பதைவிட, வரிசையில் நெருக்கி நிற்கும்போதும் ஏறி இறங்கும்போதும் கவனம் தேவை. ரயிலில் முடிந்தவரை மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில் சாப்பிடுங்கள்.

கை கழுவ சோப்புதான் சிறந்தது. தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு சானிடைசர், குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ளது. 100 மில்லிக்குட்பட்ட புட்டியாக இருந்தால் விமானத்தில் தகராறு வராது. கையுறை, முகத்தடுப்பு, ஸ்பிரே எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கோவிட்டின் முதல் மாதங்களில் வாங்கிய பொருளையெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்தோம். அது பெரும்பாலும் காற்றில்தான் பரவுகிறது என்று பிறகு தெளிவானது. கையுறை போட்ட கையும் முகத்தைத் தொடத்தான் செய்யும்.

தடுப்பூசிச் சான்றும் மருத்துவச் சீட்டும் போனில் மட்டும் வேண்டாம், ஒரு நகல் காகிதத்திலும் இருக்கட்டும். மகளின் எண்ணையும் அம்மாவின் மருத்துவர் எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டிலேயே செய்துபார்க்கும் பரிசோதனைக் கிட், ஆளுக்கு மூன்று. காலாவதித் தேதி பாருங்கள். பெரும்பாலானவற்றை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். போய் இறங்கியதும் ஒருமுறை, 48 மணி நேரம் கழித்து மறுமுறை, அதேபோல் மூன்றாவது முறை. முதல் தடவை இல்லை என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள், ஆரம்ப நாட்களில் தொற்று இருந்தும் அதில் தெரியாமல் போகும். பிரசவத்துக்கு நான்கைந்து நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால், மூன்றும் முடிந்த பிறகு பேரக்குழந்தையை நிம்மதியாகக் கையில் வாங்கலாம். பயணத் தேதியை முடிந்தால் அதற்கேற்ப முன்னால் நகர்த்துங்கள்.