பாண் ஒத்துவராத 4 வயது மகனுக்கு என்ன மா குடுக்கலாம்?

தங்கச்சி, பாண் சாப்பிட்டால் மகனுக்கு வயிறு ஊதி வயிற்றோட்டம் வருது, நாளைக்கே கோதுமையை நிப்பாட்டப்போறன் என்று எழுதியிருக்கிறீங்கள். கொஞ்சம் பொறுங்கோ. கோதுமையில இருக்கிற புரதம் ஒத்துவராமல் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். முதல்ல பிள்ளை வைத்தியரிட்டைக் கேளுங்கோ. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கதை வேற, உடனே ஆஸ்பத்திரி.

வைத்தியர் கோதுமையை நிப்பாட்டச் சொன்னால் பயப்படாதீங்கோ. சிவப்பரிசி மா இடியப்பம், குரக்கன் புட்டு, உழுந்து, பயறு, மரவள்ளி எல்லாம் இருக்கு. என்ர மகளுக்குக் கோதுமையை நிப்பாட்டினபோது நாங்கள் ஏமாந்தது தோசையில. யாழ்ப்பாணத்துத் தோசைக்கு அவிச்ச கோதுமை மா சேர்க்கிறது அம்மாவுக்குக் கைப்பழக்கம், ஒருத்தருக்கும் அது ஞாபகமே வரேல்லை! வெள்ளவத்தையில வாங்குற கடை இடியப்பம், புட்டிலயும் கலப்பு இருக்கலாம், கேட்டு வாங்குங்கோ. பெருங்காயம், சோயா சோஸ் பைக்கற்றையும் வாசியுங்கோ. ரவையும் கோதுமைதான்.

மில்லில அரைப்பிக்காதீங்கோ, அதே மெஷினில கோதுமையும் போயிருக்கும். அரிசியை ஊறவைச்சு வடிச்சு, வீட்டு கிரைண்டரில அரைச்சு, அரிதட்டில அரிச்சு வறுங்கோ. குரக்கனில கல் இருக்கும், நல்லாய் அரிச்சுக் கழுவுங்கோ. என்ர மகள் முதல்ல அதைத் தொடவே இல்லை. தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்ட பிறகுதான் வாய் திறந்தா.