மேலே வந்து வாயைத் திறக்கும் மீன்கள்: தொட்டி அலங்காரத்தில் எதை எடுப்பது, எதை வைப்பது?

கேள்வி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரத்தில் மீன் தொட்டி வைத்து 10 நாள் ஆகிறது. அடியில் வெள்ளைப் பளிங்குக் கல், பின்னால் பவளத் துண்டு, சங்கு, பிளாஸ்டிக் செடிகள். நீல விளக்கு இரவு முழுவதும் எரியும். 4 தங்கமீன், 2 ஏஞ்சல் மீன் விட்டேன். காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாலும் கிழிந்திருக்கிறது. அலங்காரத்தைக் கலைக்காமல் மீன்களைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முழுவதும் கலைக்க வேண்டாம். ஆனால் பளிங்கு, பவளம், சங்கு மூன்றும் வெளியே வர வேண்டும்.

முதலில் இன்று செய்ய வேண்டியது. இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரை ஊற்றுங்கள். ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். பில்டரில் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும் நல்ல பாக்டீரியாவைச் சில மருந்துகள் கொன்றுவிடும்.

மீன்கள் மூச்சுக்குத் தவிப்பதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் அம்மோனியாதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டிக்கு வயது 10 நாள். அம்மோனியா செவுளை அரித்துவிட்டால், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனால் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பளிங்கும் பவளமும் சங்கும் சுண்ணாம்புச் சத்து. மெல்லக் கரைந்து நீரின் பிஎச் அளவை (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏற்றும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு சுமார் 10 மடங்கு ஆகிவிடும். அழகுக்குப் போட்ட கல்லே நஞ்சைக் கூட்டுகிறது. இனி எந்தக் கல் வாங்கினாலும் உலர்ந்த கல்லில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் தொட்டிக்கு ஆகாது. இருக்கும் கற்களை நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், பிஎச் திடீரென இறங்கக் கூடாது.

வால் கிழிவதற்குப் பிளாஸ்டிக் செடியைச் சந்தேகியுங்கள். பழைய நைலான் காலுறையை ஒவ்வொரு இலைமேலும் இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கேதான் துடுப்பும் மாட்டும். அதற்குப் பதில் ஆனுபியாஸ், ஜாவா பெரணி போன்ற உயிருள்ள நீர்ச்செடிகளை வையுங்கள். தங்கமீன் இவற்றை அவ்வளவாகத் தின்னாது. வேர்த்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் மரக்கட்டையில் கட்டுங்கள். கட்டையை முன்கூட்டியே கொதிக்க வைத்து, 2 வாரம் ஊற வைத்தால் மிதக்காது, சாயமும் குறையும்.

அடியில் 3 செ.மீ. உயரத்துக்கு நுண்ணிய, கருமையான மணல் போதும். தங்கமீன் அடியை வாயால் அள்ளிச் சலித்து உமிழும் மீன்; 8, 10 மி.மீ. கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வெள்ளைத் தரை ஒளியைக் கீழிருந்து அடிப்பதால் மீன் வெளிறி ஒதுங்கும். கருமணலும் பின்கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய கருந்தாளும் இருந்தால் நிறம் நன்றாக எழும்பும், பார்வைக்கும் அழகு. பெரிய கல்லை மணலுக்கு முன்பே கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிடுங்கள். மீன் தோண்டினாலும் சரியாது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் 5 செ.மீ. இடைவெளி விட்டால் கழிவு உறிஞ்சும் குழாய் உள்ளே போகும். மீனுக்குக் கண்ணிமை கிடையாது. விளக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும், இரவில் இருட்டுதான் வேண்டும்.

அலங்காரத்தைச் சரிசெய்தாலும் மீன் தேர்வு சரியில்லை. கல், மணல் போக உங்கள் தொட்டியில் 55 லிட்டர் இருந்தால் அதிகம். ஒரு தங்கமீனுக்கே 75 லிட்டர் வேண்டும். ஏஞ்சலின் நீண்ட துடுப்புக்கு 45 செ.மீ. நீர் உயரம் தேவை; 25 முதல் 28 டிகிரி வெப்பமும் வேண்டும். தங்கமீனோ அதைவிடக் குளிர்ந்த நீரில்தான் நன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்து, ஏற்ற தொட்டி உள்ளவர்களிடம் கொடுங்கள். இதில் வரிக்குதிரை டேனியோ என்ற சிறு மீன் எட்டைக் கூட்டமாக விடலாம். ஆனால் நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே விடுங்கள். பில்டர் பஞ்சைக் குழாய்நீரில் அலச வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.