சாப் அடித்தால் கட்டைவிரல் அடியில் வலி: மாண்டலினை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46, சர்க்கரை நோய் உண்டு. அமெரிக்காவில் டென்னசியில் வசிக்கிறேன். மூன்று வருடமாக இங்குள்ள நண்பர்களுடன் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் மாண்டலின் வாசிக்கிறேன். கோடைத் திருவிழாவுக்காகப் பயிற்சியை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரமாக்கினேன். இரண்டு மாதமாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் வலி. சாப் அடிக்கும்போது, அதாவது தாளத்துக்காகக் கம்பிகளைச் சட்டென்று அடித்துச் சத்தத்தை நறுக்கும்போது, அதிகம். பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கலாமா, அல்லது விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். வலி மறைந்தால் கை இன்னும் கெடும்.

நீங்கள் சொல்வது டி குவெர்வெய்ன் என்ற தசைநாண் உறைப் பிரச்சினை போலத் தெரிகிறது. 1895-இல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஒருவர் விவரித்தது, அவர் பெயராலேயே அழைக்கிறோம். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். அதே இடத்தில் சுரீர் என்றால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஒரு காரணம். அதைவிட முக்கியம், பிக்கை (கம்பியைத் தட்டும் சிறு தகடு) எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்பது. மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 அடியில் வைத்து அடிக்கு நான்கு சுரம் வாசித்தால் நிமிடத்துக்கு 480 தட்டல். அத்தனையிலும் கட்டைவிரல் பிழிந்துகொண்டே இருந்தால் எந்தத் தசைநாண் தாங்கும்? நமக்கு மாண்டலின் என்றால் யு. ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், மெல்லத் தட்டினாலும் கேட்கும். உங்களுடையது இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி, பக்கத்தில் சத்தமான பேஞ்சோ வாத்தியம். காதில் விழ வேண்டுமே என்ற பதற்றத்தில் கை தானாக இறுகும். புளூகிராஸின் தந்தை எனப்படும் மாண்டலின் கலைஞர் பில் மன்றோ 80 வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். அவருடைய அழுத்தமான கீழ்த்தட்டல்களைக் கேட்டு, அத்தனையும் விரல் பலம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

சத்தம் வருவது கை வீச்சில், பிடியில் அல்ல. ஈரக் கையை உதறுவோமே, அந்த அசைவுதான் வேண்டும்: மணிக்கட்டு தளர்வாக, முன்கை லேசாகச் சுழல. பிக்கை வளைந்த ஆள்காட்டி விரலின் பக்கத்தில் படுக்க வைத்து, கட்டைவிரலை மேலே தட்டையாக வையுங்கள். வேறொருவர் இழுத்தால் உருவிக்கொண்டு வரும் அளவு பிடி போதும். நுனி உருண்ட பெரிய முக்கோண பிக் பலருக்கு இதில் உதவுகிறது. சாப்பில் சத்தத்தை நறுக்குவது இடது கை விரல்களைத் தளர்த்துவது. வலது கை வீசிவிட்டுத் தளர வேண்டும், முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று வாரம் வலது கைக்கு முழு ஓய்வு. கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் ஸ்ப்ளிண்ட் போடுங்கள், வலி ஜெல் தடவலாம். அதுவரை இடது கையால் மட்டும் பாடல்களைப் பழகலாம். குறையாவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவோம், பெரும்பாலானோருக்கு அது போதும். ஆனால் உங்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை அரிதாகத்தான் தேவைப்படும்.

வலி போனபின் ஐந்து நிமிடம், மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். ட்ரெமலோவையும் (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவது) சாப்பையும் கடைசியில் சேருங்கள். திருவிழாவுக்குள் தயாராக முடியாமல் போகலாம். அது வருத்தம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கோடையை விட்டுக்கொடுங்கள்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போனால் அது வேறு, நரம்பு அழுத்தம். வலியே இல்லாமல் வாசிக்கும்போது மட்டும் விரல் சொன்னபடி கேட்காமல் சுருண்டால், இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.