அறக் கோட்பாடுகளில் எது சரி? ஒரு சிறுநீரகத்தை யாருக்குக் கொடுப்பது என்று பாருங்கள்

கேள்வி இது: பயன்வாதம் (மொத்த நன்மையைக் கூட்டு), கடமைவாதம் (விளைவு எதுவானாலும் மீறக் கூடாத கடமைகள் உண்டு), நற்பண்பு அறவியல் (நல்ல குணமுள்ளவர் எப்படி நடப்பார் என்று பார்) என்று அறத்துக்குப் பல கோட்பாடுகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நிஜமாகவே முடிவெடுக்க வேண்டியவருக்கு இவற்றால் என்ன பிரயோஜனம்?

எது ஜெயிக்கும் என்று பார்க்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். முடிவெடுக்கும் மேசையில் ஒவ்வொரு கோட்பாடும் செய்கிற வேலை ஒன்றுதான். எந்தத் தகவலைப் பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அது கோடு போட்டுக் கொடுக்கிறது. சிறுநீரகத்தை வைத்தே விளக்குகிறேன். எல்லாக் கோட்பாடுகளும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உயிர்களின் மேல் உரசிப் பார்க்கப்பட்ட இடம் அது.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், நோயாளியின் முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் டெஃப்லான் குழாயால் இணைத்து அப்படியே விட்டுவைத்தார். அதற்கு முன்பு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ரத்தக்குழாயைப் புதிதாக வெட்டித் திறக்க வேண்டும்; சில தடவைக்குப் பிறகு வெட்ட இடமே இருக்காது. இந்தக் குழாய் வந்ததும், சிறுநீரகம் அடியோடு செயலிழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ முடிந்தது. ஆனால் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 1962-ல் தொடங்கிய மையத்தில், மருத்துவர்கள் உடல்நிலை பார்த்து வடிகட்டிய பிறகு, மிச்சமிருந்தவர்களில் யாருக்கு இடம் என்பதை ஏழு பேர் கொண்ட குழு தீர்மானித்தது: ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். திருமணமானவரா, எத்தனை பேர் அவரை நம்பி இருக்கிறார்கள், வருமானம், சொத்து, படிப்பு, வேலை, இதுவரை என்ன சாதித்தார், இனி என்ன சாதிப்பார் என்பதெல்லாம் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' இதழில் இந்தச் செய்தி வந்ததும் பெரிய விவாதம் கிளம்பியது.

அந்தக் குழுவினர் கெட்டவர்கள் இல்லை. சம்பளம் வாங்காமல், மனம் நொந்து நொந்து முடிவெடுத்தவர்கள். தவறு எங்கே என்றால், 'மொத்த நன்மை அதிகமாக வேண்டும்' என்ற பயன்வாதத்தை எல்லையே இல்லாமல் அவிழ்த்துவிட்டார்கள். சிகிச்சையால் இவருக்கு என்ன பலன் என்பது ஒரு கேள்வி. இவரால் ஊருக்கு என்ன பலன் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதை மருத்துவத் தகவலை வைத்துக் கணிக்கலாம். இரண்டாவதைக் கணிக்க உட்கார்ந்தால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுப்பார்கள். மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்று கடமைவாதத்தின் முக்கியச் சிந்தனையாளரான ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-ல் எழுதியது இந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது: ஊருக்கு உதவுவாரா என்று எடைபோட்டு ஒருவருக்கு உயிர் கொடுப்பது அவரைக் கருவியாக்குவது. நற்பண்பு அறவியலும் அங்கே திசைமாறிப்போனது. பண்பைத் தேட வேண்டிய இடம் முடிவெடுப்பவரின் நடத்தை: நேர்மை, பொறுமை, தன் விருப்பு வெறுப்பை அடையாளம் காணும் துணிவு. அவர்கள் நோயாளியிடம் போய்த் தேடினார்கள்.

டயாலிசிஸில் இந்தச் சிக்கல் தீர்ந்தது தத்துவத்தால் அல்ல, பணத்தால். 1972-ல் வந்த சட்டத்தின் மூலம் அரசு ஏறக்குறைய எல்லாருடைய செலவையும் ஏற்றுக்கொண்டது. எனவே, யாருக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், இந்தப் பற்றாக்குறை தவிர்க்கவே முடியாததா என்று கேட்பதுதான் முதல் கடமை. இதைக் கேட்காமல் பகிர்வு விதி எழுத உட்காருவதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்த வழி இல்லை. பணம் கொட்டினாலும் உறுப்பு முளைக்காது. அதனால் அமெரிக்கா 2014 டிசம்பரில் கொண்டுவந்த மதிப்பெண் முறையைப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கோட்பாடு தெரியும். காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 மதிப்பெண்: எல்லாரும் சமம், முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை. முன்பு உயிரோடிருக்கும்போதே உறுப்பு தானம் செய்தவருக்கு 4 மதிப்பெண், அதாவது நான்கு ஆண்டுக் காத்திருப்புக்குச் சமம்: செய்ந்நன்றி. கர்ப்பம், ரத்தம் ஏற்றல், பழைய மாற்று அறுவை ஆகியவற்றால் உடலில் எதிர்ப்புப் பொருள் பெருகி, அநேகமாக எந்த உறுப்பும் பொருந்தாதவருக்கு 202 மதிப்பெண் வரை. 'நான் யாராகப் பிறப்பேன் என்று தெரியாத நிலையில் இந்த விதிக்குச் சம்மதிப்பேனா' என்று 1971-ல் அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸ் கேட்கச் சொன்ன கேள்விக்கு இது நல்ல பதில். பயன்வாதத்துக்கும் இடம் உண்டு, ஆனால் வேலி போட்டு: மிகத் தரமான 20 சதவீதச் சிறுநீரகங்கள், நீண்ட நாள் வாழ வாய்ப்புள்ள முதல் 20 சதவீதத்தினருக்கு முதலில் போகும். அந்தக் கணிப்புக்கு நான்கே விஷயங்கள்: வயது, டயாலிசிஸில் இருந்த காலம், சர்க்கரை நோய், முன்பு உறுப்பு மாற்று நடந்ததா. வேலையும் இல்லை, சொத்தும் இல்லை.

கல்லீரலுக்கு விதி வேறு. 2002 முதல் அங்கே பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை எண்களிலிருந்து 6 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் போட்டு, மூன்று மாதத்துக்குள் இறக்கும் அபாயம் அதிகமுள்ளவருக்கு முதலில் கொடுக்கிறார்கள். காரணம் எளிது: சிறுநீரகம் போனால் டயாலிசிஸில் காத்திருக்கலாம், கல்லீரல் போனால் ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிக்க இயந்திரம் இல்லை. கோட்பாடுகள் மாறவில்லை, நிலவரம்தான் மாறியது. 'எனக்குப் பிடித்த கோட்பாடு இது' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாவியைப் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எண்ணுக்குள்ளும் அநீதி ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் கணிக்கும் 2009-ஆம் ஆண்டுச் சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையை சுமார் 1.16 ஆல் பெருக்கியது. டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, அளவு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். ஒரே வயது, ஒரே பால், ஒரே கிரியாட்டினின் உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளையருக்கு 18 என்று வரும், கடிகாரம் ஓடும், கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 20.9 என்று வரும், கடிகாரம் நிற்கும். 2022-ல் இந்தப் பெருக்கலை உறுப்பு ஒதுக்கீட்டில் தடை செய்து, 2023 தொடக்கத்திலிருந்து இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க விதி செய்தார்கள். விதியை எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்துவதோடு நின்றிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. விளைவுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. அது பயன்வாதத்தின் பலம்.

இதே முறையைச் சிறிய முடிவுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஓர் அறக்கட்டளையில் 5 பேருக்குக் கல்வி உதவி, 40 விண்ணப்பங்கள் என்று வையுங்கள். முதலில் தொகையைக் குறைத்து 8 பேருக்குக் கொடுத்தால் படிப்பு நிற்காதா என்று கணக்குப் போடுங்கள். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே பார்க்கக் கூடாதவற்றை எழுதிவையுங்கள்: சாதி, மதம், யார் சிபாரிசு, யாருக்குச் சொந்தம். (பின்தங்கியவர்களுக்கென்றே தொடங்கிய நிதி என்றால் சாதியைப் பார்க்கத்தான் வேண்டும், அதையும் முன்கூட்டியே எழுதுங்கள்.) திறந்த பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்தவருக்கு ஏற்றபடி விதி வளையும். அடுத்து, உதவி கிடைக்காவிட்டால் படிப்பே நின்றுபோகிறவர் யார், எப்படியும் சமாளித்துக்கொள்பவர் யார் என்று பிரியுங்கள். அதற்குப் பிறகும் சமமாக நிற்பவர்களிடையே குணத்தை எடைபோடாமல் குலுக்கல் போடுங்கள். குலுக்கல் அலட்சியம் போலத் தோன்றும். நியாயமான காரணங்கள் தீர்ந்த பிறகு, நியாயமற்ற காரணம் நுழையாமல் தடுப்பது அது ஒன்றுதான். ஆண்டு முடிவில், கிடைக்காதவர்களின் பட்டியலை எடுத்து எந்த ஊர், எந்தப் பள்ளி திரும்பத் திரும்ப விடுபடுகிறது என்று பாருங்கள்.

கிடைக்காத எல்லாருக்கும் கடிதம் போக வேண்டும். எந்த அளவுகோலில் எத்தனை மதிப்பெண், அடுத்து எப்போது விண்ணப்பிக்கலாம், தகவல் தவறாக இருந்தால் யாரிடம் சொல்வது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். எழுத முடியாத காரணம் ஒன்று முடிவுக்குள் இருந்தால், கடிதம் எழுதும்போது கை நின்றுவிடும். அந்த விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.