பழைய குண்டு கிடக்கிற ஊர்ல ஸ்காலர்ஷிப் மட்டும் குடுத்தா போதுமா?

கேள்வி: போர் முடிஞ்சு பல வருஷம் ஆன ஒரு விவசாயப் பகுதியில எங்க குழு கல்வி உதவி ஆரம்பிக்கப் போகுது. மண்ணுக்குள்ள இன்னும் வெடிக்காத குண்டு இருக்குன்னு சொல்றாங்க. ஆரம்பப் பள்ளி முடிஞ்சதும் நிறைய பிள்ளைங்க நின்னுடறாங்க. ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் குடுத்தா சரியாயிடுமா?

பதில்: அது மட்டும் போதாதுங்க. இந்த மாதிரி ஊர்ல பிள்ளை படிப்ப நிறுத்துனா அதுக்குக் காரணத்த ஸ்கூல்ல தேடாதீங்க, முதல்ல அந்த வீட்டு வயலப் போய்ப் பாருங்க.

குண்டு வெடிக்கவே வேணாம், அங்க கிடந்தாலே வருமானம் போயிடும். லாவோஸ எடுத்துக்கோங்க, 1964லேருந்து 1973 வரைக்கும் 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டிருக்காங்க, கொத்துக் குண்டுக்குள்ள இருந்து சிதறுன சின்ன குண்டுங்க மட்டும் 27 கோடி, அதுல 30 சதவீதம் வரைக்கும் வெடிக்காம தங்கிடுச்சுன்னு கணக்கு, அதாவது கிட்டத்தட்ட 8 கோடி, ஒவ்வொண்ணும் டென்னிஸ் பால் சைஸ். அந்த மண்ண எப்படி ஆழமா உழுவாங்க? டிராக்டர் இறக்கப் பயம், பக்கத்துல இருக்கிற புதரத் திருத்தி நிலத்தக் கூட்டப் பயம், அதனால மேலாகக் கீறி விதைச்சிட்டு வர்றத எடுத்துக்கிறாங்க.

கம்போடியாவுல நடந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப வேதனையா இருந்துச்சு. கட்டாந்தரையில விழுந்த குண்டு அடி பலமா பட்டு வெடிச்சிடுச்சு, பொலபொலன்னு இருக்கிற வளமான மண்ணுல விழுந்ததுதான் வெடிக்க வைக்கிற ஃப்யூஸ் வேலை செய்யாம அப்படியே புதைஞ்சிருக்கு. எந்த நிலம் நல்லா விளையணுமோ அந்த நிலத்துலதான் ஜனங்க இன்னைக்கும் பயந்து பயந்து விவசாயம் பண்றாங்க.

இனி பிள்ளைங்க விஷயம். விளைச்சல் பத்தாதப்போ பழைய இரும்பு பொறுக்கி விக்கப் போவாங்க, லாவோஸ்ல சின்னப் பசங்ககூட மெட்டல் டிடெக்டர் வச்சுக்கிட்டுப் போயிருக்காங்க, ஒரு நாள் கிடைக்கிற காசு கைக்கு வந்ததும் அடுத்த நாள் கிளாஸுக்கு யார் வருவா? வீட்ல ஒருத்தருக்குக் கால் போயிடுச்சுன்னா இன்னும் மோசம், வைத்தியச் செலவுக்குக் கடன், அவரப் பாத்துக்க ஒரு ஆள், அவர் வேலையச் செய்ய இன்னொரு ஆள், இந்த ரெண்டு இடத்துக்கும் பிள்ளைங்களத்தான் நிறுத்துவாங்க, பெரும்பாலும் மூத்ததை. ஆனா அடிபட்டவங்க லிஸ்ட்ல அந்தப் பிள்ளை பேரு இருக்காது. உங்க உதவி முதல்ல போக வேண்டியது அங்கதான்.

இதுக்கு எதிர்ப்பேச்சும் உண்டு. வியட்நாம்ல மாவட்ட அளவுல பாத்த ஒரு ஆய்வுல, அதிகமா குண்டு விழுந்த மாவட்டங்க 2002 வாக்குல மத்ததவிட ஏழையா இல்லைன்னு வந்துச்சு. அத நான் தப்புன்னு சொல்லல, அரசு திரும்பப் பணம் போட்டு ரோடு, ஸ்கூல் கட்டுனா ஒரு மாவட்டம் எழுந்திரிக்க முடியும்னுதான் அதுல தெரியுது. ஆனா மாவட்டம் எழுந்துட்டாலும் கால் போன ஒரு வீடு எழுந்துடாது, அதனால நீங்க சராசரியப் பாக்காம வீடு வீடா கேளுங்க.

செய்ய வேண்டியதுன்னு பாத்தா, நீங்க வேலை செய்யப் போற நாட்டுக் கண்ணிவெடி அகற்றும் அலுவலகத்துல குண்டு இருக்கிற இடத்தோட மேப் வாங்கிட்டு, பிள்ளைங்க நடந்து வர்ற பாதையெல்லாம் அதுல வரைஞ்சு பாருங்க. உயர்நிலைப் பள்ளி தூரமா இருந்து, குறுக்குப் பாதை சந்தேகமான இடமா இருந்தா, நிறைய பேர் நின்னதுக்கு அதுவே காரணமா இருக்கலாம், அந்தப் பாதைய முன்னாடி சுத்தம் பண்ணச் சொல்லிக் கேளுங்க. மொசாம்பிக் 2015ல கண்ணிவெடி இல்லாத நாடுன்னு அறிவிச்சுது, அங்க நடந்த ஆய்வுல ரோடு, ரயில் பாதைய சுத்தம் பண்ணப்போதான் பெரிய பலன் கிடைச்சதுன்னு தெரிஞ்சுது.

பணத்த வருஷ ஆரம்பத்துல மொத்தமா குடுக்காதீங்க, மாசாமாசம் குடுங்க, விதைப்பு அறுவடை மாசத்துல கொஞ்சம் கூட்டிக் குடுங்க, ஏன்னா பிள்ளைய வேலைக்கு இழுக்கிறது அப்பதான். கால் இழந்த பிள்ளை இருந்தா செயற்கைக் கால் ஒரு தடவை வாங்கிக் குடுத்தா முடிஞ்சிடாது, வளர்ற வயசுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவைகூட மாத்த வேண்டியிருக்கும், அத பட்ஜெட்ல இப்பவே போடுங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. ஸ்கூல் இடத்துல சோதனை பண்ணாம கக்கூஸ் குழி, கிணறு எதுவும் தோண்டாதீங்க, வெறுந்தரையில அடுப்பு மூட்டவும் விடாதீங்க, கீழ புதைஞ்சிருக்கிற குண்டு சூட்டுல வெடிச்சு லாவோஸ்ல ஆளுங்க செத்திருக்காங்க. சோதனை பண்ணுன பேப்பர் கைக்கு வந்த பிறகு, எவ்வளவு ஆழம் வரைக்கும் பாத்தாங்கன்னு அதுல படிச்சுப் பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க.