போலிஷ் வேதியியல் பெயர்களில் அழுத்தம் எங்கே விழும்?

கேள்வி: போலந்தில் வேதியியல் படிக்கப் போகிறேன். அங்கே சேர்மங்களின் பெயர்கள் முழ நீளத்துக்கு இருக்கின்றன. எப்படி அசை பிரிப்பது, எந்த இடத்தில் அழுத்துவது?

போலந்தில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பெயரின் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போலிஷில் அழுத்தம் பொதுவாகக் கடைசிக்கு முந்தின அசையில்தான் விழும். அதனால் முன்னாலிருந்து எண்ணவே வேண்டாம், வால் பக்கம் மட்டும் பாருங்கள். டிடிடி பூச்சிமருந்தின் முழுப் பெயர் அங்கே இப்படி: தி-ஹ்லொ-ரொ-தி-ஃபெ-னி-லொ-த்ரி-ஹ்லொ-ரொ-எ-தன். மொத்தம் பன்னிரண்டு அசை. முதல் அசையில் லேசாக ஓர் அழுத்தம் இருக்கும்; மற்றபடி சமமாகச் சொல்லிக்கொண்டே வந்து 'எ'யில் அழுத்தினால் சரி.

நாம் தடுமாறுவது அசையை எண்ணுவதில்தான். போன புதிதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கேட்டேன். அதன் போலிஷ் பெயரின் முடிவில் ஐ, ஏ, என் (i, a, n) என்று மூன்று எழுத்துகள் வரும். நான் அதை 'நி-யன்' என்று இரண்டு அசையாகப் பிரித்து, 'நி'யை அழுத்தி, "நத்மங்கநீயன்" என்றேன். எதிரில் இருந்தவருக்குப் புரியவில்லை. அப்புறம் அந்தக் குப்பியை எடுத்துக் காட்டினேன். அவர் லேபிளில் இருந்த ஐ எழுத்தை விரலால் மறைத்து, நிதானமாக "நத்-மங்-க-ஞன்" என்றார். நாலே அசை, அழுத்தம் 'க'வில். உயிரெழுத்துக்கு முன்னால் வரும் ஐ பெரும்பாலும் தனி அசை ஆகாது, முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கிவிட்டுப் போய்விடும். அன்றிரவே நோட்டில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதி வைத்தேன். ஆங்கில எழுத்தில் குழப்பிய இடத்தை நம்முடைய ஞகரம் ஒரே எழுத்தில் தீர்த்துவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இன்னொரு வழுக்கல், மெய் மயக்கம். சோடியம் ஹைட்ராக்சைடை 'வொ-தொ-ரொ-த்லெ-நெக் சொது' என்பார்கள். நம் நாக்கு 'த்லெ'க்கு நடுவில் ஓர் இகரத்தைச் செருகி 'திலெ' ஆக்கப் பார்க்கும். அது ஓர் அசையைக் கூட்டிவிடும், விடாதீர்கள்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் அழுத்தமும் நகரும். பெர்மாங்கனேட் என்று தனியாகச் சொல்லும்போது 'க'வில் அழுத்துகிறோம். 'பெர்மாங்கனேட்டின் கரைசல்' என்று சொல்ல வந்தால் பெயர் 'நத்-மங்-க-ஞ-னு' ஆகிறது, அழுத்தம் 'ஞ'வுக்குப் போகிறது. ஆய்வகத்தில் பாதி நேரம் இந்த வடிவம்தான் காதில் விழும், அதனால் இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

விதிவிலக்கு என்று பார்த்தால், '-இகா' என்று முடியும் கிரேக்க, லத்தீன் வழிச் சொற்கள். வேதிவினை வேகவியலை 'கி-நெ-தி-கா' என்பார்கள், அழுத்தம் 'நெ'யில், அதாவது கடைசியிலிருந்து மூன்றாவதில். வெப்ப இயக்கவியலும் அப்படித்தான்: 'தெர்-மொ-தி-ந-மி-கா', அழுத்தம் 'ந'வில். அன்றாடப் பேச்சில் பலர் இவற்றையும் கடைசிக்கு முந்தின அசையிலேயே அழுத்துவார்கள். நீங்கள் வகுப்பில் பேசும்போது பழைய முறையிலேயே சொல்லுங்கள்.

பழகுவதற்கு நான் செய்தது: பெயரைப் பின்னாலிருந்து கட்டுவேன். முதலில் 'எ-தன்', பிறகு 'ரொ-எ-தன்', பிறகு 'ஹ்லொ-ரொ-எ-தன்'. ஒவ்வொரு முறையும் 'எ'யில்தான் அழுத்தம். 'ரொ'வுக்கும் 'எ'க்கும் நடுவில் நமக்கு வகர உடம்படுமெய் தானாக வந்து நிற்கும். அதை மட்டும் தள்ளிவிட்டு, இரண்டு உயிரையும் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள்.